வீட்டில் நிற்கும் பழைய டிராக்டர்: ரோட்டவேட்டர் வாங்க பணம் அனுப்பும் முன் ஒரு கணக்கு



"டிராக்டர் சும்மாதான்டா நிக்குது. ஒரு ரோட்டவேட்டர் வாங்கிப் போட்டா வருஷம் ஒரு லட்சம் எடுத்துடலாம்." ஊரில் கொஞ்சம் நிலம் இருக்கிற வீட்டிலிருந்து வந்து வெளியூரில் மாசச் சம்பளம் வாங்குற பலருக்கும் இந்த போன் கால் ஒரு தடவையாவது வந்திருக்கும். பேசுறது அப்பாவா இருக்கலாம், சித்தப்பாவா இருக்கலாம். கேட்கிற தொகை ஒன்றரை லட்சத்தில் ஆரம்பித்து இரண்டில் நிற்கும். உங்க கையில் இருப்பது போனஸ் பணம், இல்லன்னா பேங்க் ஆப்பில் "உங்களுக்காகவே ஒதுக்கப்பட்டது" என்று மின்னிக்கிட்டு இருக்கிற பெர்சனல் லோன்.

ஜெகதாப்பட்டினம் பக்கத்து கிராமத்திலிருந்து வந்து தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒரு நண்பர் இதைத்தான் கேட்டிருந்தார். வீட்டில் ஒரு பழைய மாஸி 1035. எஞ்ஜின் ஸ்டார்ட் ஆகும், புகையும் வரும். நிலம் நாலு ஏக்கர். அப்பாவுக்கு ஆசை, மகனுக்கு சந்தேகம். ரெண்டு பேருக்குமே நியாயம் இருக்கு. அதனால் அந்த ஊரை வைத்தே கணக்குப் போடுவோம். உங்க ஊர் வேறாக இருந்தால் எண்களை மட்டும் மாத்திக்கோங்க.

ஜெகதாப்பட்டினம் என்றதும் எல்லோருக்கும் விசைப்படகும் மீன்பிடித் துறைமுகமும்தான் ஞாபகம் வரும். ஆனால் கடற்கரையை விட்டு உள்ளே வந்தால் மணமேல்குடி, ஆவுடையார்கோவில் தாலுகாக்களின் நெல் வயல்கள். கல்லணைக் கால்வாயின் கடைமடை இந்தப் பக்கம்தான், மும்பாலை ஏரியோடு முடியுது. தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம் என்பதால் பெரும்பாலும் கண்மாயையும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பித்தான் விவசாயம். மழைக்கு முன்னாடி உழுது விதைக்கணும், தை மாசி வாக்கில் அறுக்கணும். இந்த ஒரு விஷயத்தை மனசில் வச்சுக்கோங்க. நம்ம கணக்கு முழுக்க இதைச் சுத்தித்தான் வரப்போகுது.

நாற்பது வருஷ டிராக்டரில் இன்றைய கருவி பொருந்துமா?

பொருந்தும். இது பலருக்கு ஆச்சரியமா இருக்கும். நாற்பது வருஷம் முந்தைய போனுக்கு இன்றைய சார்ஜர் பொருந்துமா? ஆனால் டிராக்டர் உலகத்தில் ரெண்டு விஷயம் ரொம்ப காலமாக மாறவே இல்லை. ஒன்று, பின்னாடி கருவியை மாட்டுகிற மூன்று முனை இணைப்பு. அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் உருவாக்கிய ஏற்பாடு அது. 1946-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் தயாராக ஆரம்பித்த டிஇ20 டிராக்டர் அதை உலகம் பூரா கொண்டு போனது. 1956-இல் வந்த 35 மாடல் அதன் வாரிசு. 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே, மாஸி ஃபெர்குசனோடு கூட்டு வைத்து இங்கே தயாரித்த வண்டிகளில் 1035 அந்தக் குடும்பத்துப் பிள்ளை. அதனால்தான் உங்க தாத்தா காலத்து வண்டியின் கீழ்க் கைகளில் இன்றைக்குக் கடையில் வாங்குகிற ஐந்தடி ரோட்டவேட்டரின் பின் சரியாக உட்காருது.

இரண்டாவது பிடிஓ. எஞ்ஜினின் சக்தியை பின்னாடி கருவிக்குக் கொண்டு போகும் சுழலும் தண்டு. ஆறு பல், 35 மில்லி மீட்டர் விட்டம், நிமிஷத்துக்கு 540 சுற்று. இதுவும் பொதுவான அளவு. மிகப் பழைய சில வண்டிகளில் தண்டு இதைவிட மெலிசாக இருக்கும், அதுக்கு அடாப்டர் வேணும். டேப் வைத்து ஒரு தடவை அளந்துடுங்க.

ஆனால் பொருந்துவது வேறு, தாங்குவது வேறு.

35 குதிரைத்திறன் என்று போட்டிருந்தால் அது எஞ்ஜினில் இருக்கும் சக்தி. பிடிஓ வரை வந்து சேரும்போது சுமார் 30 இருக்கும். ரிங் தேய்ந்து, பம்ப் தளர்ந்த பழைய எஞ்ஜினில் இன்னும் குறையும். பொதுவாக நாலடி ரோட்டவேட்டருக்கு 30 முதல் 35, ஐந்தடிக்கு 40 முதல் 45, ஆறடிக்கு 50-க்கு மேல் என்று சொல்வார்கள். கடைக்காரர் ஆறடியைக் காட்டி "ஒரே ஓட்டத்துல முடிஞ்சிடும்ண்ணே" என்பார். முடியும், உங்க எஞ்ஜின். பழைய 35-க்கு நாலடி போதும். மண் லேசாக, எஞ்ஜின் நல்லா இருந்தால் ஐந்தடி வரை போகலாம். அகலம் குறைந்தால் மணி நேரம் கூடும், ஆனால் ஏக்கர் கணக்கில் வாங்காமல் மணிக்கணக்கில் வாடகை வாங்கும் ஊரில் அது உங்களுக்குப் பெரிய நஷ்டம் இல்லை.

கிளட்ச் பற்றி யாரும் சொல்லாத விஷயம்

பழைய மாடல்களில் பெரும்பாலும் சிங்கிள் கிளட்ச். அதாவது பெடலை மிதித்தால் சக்கரத்துக்குப் போகும் சக்தியும் நிற்கும், பிடிஓவும் நிற்கும். இன்றைய டூயல் கிளட்ச் வண்டியில் பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கும், கருவி சுத்திக்கிட்டே இருக்கும்.

ஏர் உழவுக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. ரோட்டவேட்டரில் கொஞ்சம் சங்கடம். நடு வயலில் நிறுத்தினால் பிளேடு மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். திரும்ப அப்படியே கிளப்பினால் முழு சுமையும் கிளட்ச் பிளேட் மேல். அதனால் முதலில் தூக்கிட்டு, சுத்த விட்டு, மெதுவாக இறக்கணும். ஓட்டுகிறவருக்கு இந்தப் பழக்கம் இருந்தால் ஒரு கிளட்ச் பிளேட் பல சீசன் வரும். இல்லன்னா ஒரு சீசன்.

புல் வெட்டும் ஸ்லாஷரில்தான் உண்மையான ஆபத்து. அதில் கனமான பிளேடு படுக்கைவாட்டில் வேகமாகச் சுத்தும். நீங்க கிளட்சை மிதிச்சாலும் அந்த பிளேடு உடனே நிற்காது. அதன் வேகம் தண்டு வழியாகத் திரும்பி வந்து கியர்பாக்ஸைச் சுத்தும், கியர்பாக்ஸ் சக்கரத்தைத் தள்ளும். கிளட்ச் மிதித்த வண்டி முன்னாடி நகரும்! தென்னை மரம், வாய்க்கால், வேலி, எது முன்னாடி இருக்கோ அதில் போய்த்தான் நிற்கும். இதைத் தடுக்க ஓவர் ரன்னிங் கிளட்ச் என்று ஒரு சின்ன உருப்படி இருக்கு. பிடிஓ தண்டில் மாட்டுவது. சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும், மறு பக்கம் வழுக்கும். பழைய சிங்கிள் கிளட்ச் டிராக்டரில் ஸ்லாஷர் மாட்டப் போறீங்கன்னா இது இல்லாமல் மாட்டாதீங்க. ஸ்லாஷரின் விலையோடு ஒப்பிட்டால் இது சில்லறைக் காசு.

எந்த மாதம் எந்தக் கருவி

சம்பளம் வாங்குற நமக்கு வருமானம் என்றால் பன்னிரண்டு மாசம். டிராக்டருக்கு அப்படி இல்லை. ஆடி கடைசியில் ஆரம்பித்து புரட்டாசி வரை, மழை இறங்கும் வரைக்கும்தான் உழவுக்கு அடிதடி. காகிதத்தில் 45 நாள், தினம் 6 மணி நேரம் என்று போட்டால் 270 மணி நேரம் வருது. அதில் மழை பெய்த நாள், வண்டி படுத்த நாள், ஓட்டுநர் வராத நாள் கழித்தால் 130, 140 நின்றால் பெரிய விஷயம். கோடை மழைக்குப் பின் கொஞ்சம் உழவு கிடைக்கும். ஆக மொத்தம் வருஷத்துக்கு 150 மணி நேரம். இந்த எண்ணை அப்பாவோட பேசும்போது கேளுங்க: "அப்பா, வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடும்?" பெரும்பாலும் பதில் "நிறைய ஓடும்டா" என்றுதான் வரும். நிறைய என்பது ஒரு எண் இல்லை.

அந்த சீசனில் ரோட்டவேட்டர் மட்டும் போதாது. கோடையில் காய்ந்த மண்ணை முதல் தடவை கிளற ஒன்பது கொத்துக் கலப்பைதான் சரி. இறுகிய மண்ணில் நேரே ரோட்டவேட்டரை இறக்கினால் பிளேடும் எஞ்ஜினும் சேர்ந்து தேயும். வீட்டில் பழைய கலப்பை துருப்பிடித்துக் கிடந்தால் கொத்து முனையை மட்டும் மாத்தி எடுத்துக்கலாம். கடல் காத்து ஊரில் இரும்பு சீக்கிரம் போகும். வேலை முடிஞ்சதும் மண்ணைக் கழுவி, கழிவு ஆயில் தடவி நிழலில் வைப்பது அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சேற்று உழவுக்கு கேஜ் வீல். அது தனிக் கதை, நாலு ஏக்கருக்காக வாங்க வேண்டாம், அக்கம்பக்கத்தில் இரவல் கிடைக்கும்.

சரி, மற்ற மாதங்கள்? இங்கேதான் ஸ்லாஷர் வருது. கடற்கரையை ஒட்டிய மணல் பாங்கான நிலங்களில் தென்னை இருக்கு. வடக்கே பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் போனால் தென்னைதான் பிரதானம். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மரங்களை வேரோடு சாய்த்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்புறம் வைத்த கன்றுகள் இப்போ மரமாகி நிற்குது. தோப்புக்குள் புல்லும் களையும் வளர்வதற்கு சீசன் கிடையாது. பலர் ரோட்டவேட்டர் விட்டு ஓட்டுறாங்க. ஆனால் தென்னையின் சத்து உறிஞ்சும் வேர்கள் மரத்தைச் சுத்தி மேலாகவே பரவி இருக்கும், ஆழமாக ஓட்டினால் அறுபடும். ஸ்லாஷர் மண்ணைத் தொடாது. புல்லை வெட்டி அங்கேயே மூடாக்காகப் போட்டுட்டுப் போகும், ஈரமும் நிற்கும். தோப்புக்காரரிடம் இதை எடுத்துச் சொன்னால் கேட்பார். டிராக்டருக்கும் சுமை குறைவு. பழைய 35 குதிரைக்கு ஐந்தடி ஸ்லாஷர் தாராளம்.

ஒரே ஒரு எதிரி சீமைக் கருவேலம். முள்ளு டயரில் ஏறும், வெட்டிய கட்டை பிளேடில் மோதும். ஸ்லாஷரில் ஷியர் போல்ட் என்று ஒன்று இருக்கும். பிளேடு எதிலாவது மோதினால் அது முறிந்து கியர்பாக்ஸைக் காப்பாத்தும். சில பேர் அடிக்கடி முறியுதே என்று கடினமான போல்ட்டைப் போட்டுடுவாங்க. வீட்டில் ஃப்யூஸ் போகுதுன்னு செம்புக் கம்பி சுத்துவது மாதிரிதான் அது.

இப்போ பணக் கணக்கு

கீழே வருகிற விலையும் வாடகையும் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்க ஊர் நிலவரத்தைக் கேட்டு மாத்திக்கோங்க. கணக்குப் போடும் முறைதான் முக்கியம்.

ரோட்டவேட்டர் வாடகை மணிக்கு 1,000 ரூபாய். டீசல் மணிக்கு 4 லிட்டர், லிட்டர் 93 என்றால் 372. ஓட்டுநருக்கு 150. பிளேடு, ஆயில், கிரீஸ், டயர் தேய்மானம் 120. மொத்தம் 640 சொச்சம். மிச்சம் மணிக்கு 360 ரூபாய்.

"அப்பாவே ஓட்டுவார், அந்த 150 மிச்சம்தானே" என்று எழுதாதீங்க. 60 வயசில் வெயிலில் உட்கார்ந்து ஓட்டுகிறவரின் உழைப்புக்கு மதிப்பு பூஜ்யம் இல்லை. அவருக்கு முடியாத நாளில் ஆள் வைத்தாகணும், அப்போ இந்தக் கணக்கு இடிக்கும். அதேபோல சொந்த நாலு ஏக்கர் உழவும் ஓசி இல்லை. வெளியே கொடுக்கும் 1,000 மிச்சமாகுது, ஆனால் 640 செலவாகுது. அதையும் மணி நேரத்தில் சேர்த்துக்கோங்க, அவ்வளவுதான்.

முதலீடு என்ன? வண்டியைத் தயார் செய்ய 80,000 (பம்ப், கிளட்ச், ஹைட்ராலிக், பேட்டரி, கொஞ்சம் டயர்). ரோட்டவேட்டர் 90,000. இன்சூரன்ஸ், ஆர்சி வேலைகள் 10,000. ஆக 1,80,000. அப்பா போனில் சொல்வது இதுவரைக்கும்தான்.

சொல்லாதது ஒன்று இருக்கு. அந்த டிராக்டரை இன்றைக்கே விற்றால் ஒரு 1,20,000 கிடைக்கும் என்று வைப்போம். விற்காமல் வைத்திருப்பதும் ஒரு முதலீடுதான். "சும்மா நிக்குது" என்கிற வண்டி உண்மையில் ஒன்றே கால் லட்சத்தைக் கட்டிப்போட்டு நிக்குது. ஆக நீங்க போடும் மொத்தப் பணம் 3 லட்சம். இதை 7 சதவீதத்தில் எஃப்டி போட்டால் வருஷம் 21,000 வரும், கிரீஸ் கை ஆகாமல்.

வருஷாந்திர நிலையான செலவுகள் இப்படி: இன்சூரன்ஸும் திடீர் ரிப்பேரும் 20,000. விட்டுக்கொடுத்த எஃப்டி வட்டி 21,000. ரோட்டவேட்டர் ஐந்து வருஷத்தில் பாதி விலைக்குப் போகும் என்றால் அதன் தேய்மானம் 9,000. மொத்தம் 50,000. மணிக்கு 360 மிச்சம் என்றால் இதை ஈடுகட்ட 139 மணி நேரம் ஓடணும்.

இப்போ அந்த 150-ஐத் திரும்பப் பாருங்க. 150 மணி நேரம் ஓடினால் 54,000. ஐம்பதைக் கழித்தால் கையில் நிற்பது 4,000 ரூபாய். வருஷத்துக்கு! 250 மணி நேரம் ஓடினால் 40,000. அப்பா சொன்ன ஒரு லட்சம் வரணும்னா 400 மணி நேரத்துக்கு மேல் ஓடணும். ஒரு ரோட்டவேட்டரை மட்டும் வைத்துக்கொண்டு மானாவாரி ஊரில் அது நடக்காது.

ஆனால் ஸ்லாஷரைச் சேர்த்துப் பாருங்க, சுவாரஸ்யமான ஒன்று நடக்கும். விலை 65,000. வாடகை மணிக்கு 850, டீசல் 3 லிட்டர், ஓட்டுநர், தேய்மானம் போக மிச்சம் 350. ஸ்லாஷருக்கான எஃப்டி வட்டியும் தேய்மானமும் வருஷத்துக்கு 11,000. டிராக்டரின் நிலையான செலவை உழவு சீசன் ஏற்கனவே சுமந்துடுச்சு. அதனால் 32 மணி நேரம் ஓடினாலே ஸ்லாஷர் தன் செலவை எடுத்துடும். 80 மணி நேரம் கிடைத்தால் 17,000 லாபம். முதல் கருவிக்கு 139, இரண்டாவதுக்கு 32. வேலை இல்லாத மாதங்களை நிரப்புகிற கருவிதான் இந்த வண்டிக்கு உண்மையில் பணம் சம்பாதிக்குது. ஆனால் அந்த 80 மணி நேரம் உங்க கற்பனையில் இருக்கக் கூடாது. வாங்கும் முன் பத்து தோப்புக்காரர்களிடம் அப்பா நேரில் போய்க் கேட்கட்டும். நாலு பேர் "வாங்கப்பா, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ஓட்டிட்டுப் போங்க" என்றால் வாங்கலாம். எல்லோரும் "பார்க்கலாம்" என்றால் அது வேண்டாம் என்பதன் மரியாதையான வடிவம்.

புது டிராக்டரே வாங்கலாமே என்று சிலர் கேட்பீங்க. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, டிராக்டர் டயருக்கும் குறைந்தது. நல்ல விஷயம், நம்ம பழைய வண்டிக்கு டயர் மாத்தவும் உதவும். ஆனாலும் 5 லட்சம் கடன், 11 சதவீதம், 5 வருஷம் என்றால் இஎம்ஐ 10,871. அதே 360 மிச்சத்தில் இஎம்ஐ கட்டுவதற்கு மட்டும் வருஷம் 362 மணி நேரம் ஓடணும். நாலு ஏக்கர் வீட்டுக்கு என் கருத்தில் வேண்டாம். பழைய வண்டியின் ஒரே பெரிய பலம் அதுக்கு இஎம்ஐ இல்லை என்பதுதான்.

அந்த பலத்தை நாமே கெடுத்துக்கொள்வது எப்படின்னா, பெர்சனல் லோன் எடுத்து. 1,80,000 ரூபாய், 14 சதவீதம், 3 வருஷம். மாசம் 6,152, வருஷத்துக்கு சுமார் 73,800. வண்டி 150 மணி நேரம் ஓடி ரிப்பேர் போகக் கொடுப்பது 34,000. மீதி 40,000 ரூபாய் உங்க சம்பளத்திலிருந்து போகும். அதுவும் வருமானம் வருவது ஆவணி, புரட்டாசியில். இஎம்ஐ பிடிப்பது மாசா மாசம் 5-ஆம் தேதி. லோன் எடுத்துத்தான் செய்யணும் என்றால் செய்யாதீங்க. போனஸ் பணம் இருந்து, அவசர கால நிதியைத் தொடாமல் முடியும் என்றால் மட்டும் அடுத்த படிக்குப் போங்க.

வாங்கும் முன் ஒரு நாள் சோதனை

லீவில் ஊருக்குப் போகும்போது செய்யுங்க. காலையில் எஞ்ஜின் குளிர்ந்து இருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்க. நீலப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரியுது. ஆயில் ஊத்தும் மூடியைத் திறந்தால் குபுகுபுன்னு புகை வருதா? ரிங் போயிருக்கு, செலவு 80,000-த்தில் நிற்காது. ஏதாவது கனமான கருவியைத் தூக்கி வைத்து எஞ்ஜினை நிறுத்துங்க. டீ குடித்து வருவதற்குள் தரையில் இறங்கிக் கிடந்தால் ஹைட்ராலிக் வேலை இருக்கு.

அப்புறம் ஒரு நாலடி ரோட்டவேட்டரை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து உங்க வண்டியிலேயே மாட்டி உங்க வயலிலேயே ஓட்டுங்க. டேங்க்கை விளிம்பு வரை நிரப்பிட்டு சரியாக ஒரு மணி நேரம் ஓட்டி, திரும்ப விளிம்பு வரை நிரப்புங்க. ஊத்திய டீசல்தான் உங்க உண்மையான எண். நான் 4 லிட்டர் என்று போட்டது உங்க வண்டியில் ஐந்தரை என்று வந்தால் மிச்சம் 360-லிருந்து 220-க்கு வந்துடும், மேலே போட்ட மொத்தக் கணக்கும் கவிழ்ந்துடும். துறைமுக ஊரில் ஒரு வசதி, படகு எஞ்ஜின் பார்க்கும் டீசல் மெக்கானிக் பக்கத்திலேயே இருப்பார். பம்ப்பையும் நாசிலையும் அவரிடம் காட்டலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளையெல்லாம் மராமத்துக்குப் போடுவாங்க, அப்போ போனால் நாள் கணக்கில் காத்திருக்கணும். அதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க.

லுங்கி

540 சுற்று என்றால் வினாடிக்கு 9 சுற்று. லுங்கி நுனியோ துண்டோ மூடி இல்லாத பிடிஓ தண்டில் மாட்டினால், "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்குள் ஒன்பது சுத்து சுத்தியிருக்கும். பழைய வண்டிகளில் தண்டின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறை எப்போதோ உடைந்து போயிருக்கும், யாரும் மாத்தியிருக்க மாட்டாங்க. ரோட்டவேட்டர் வாங்கும்போது உறையோடு உள்ள தண்டைக் கேட்டு வாங்குங்க. அப்பா லுங்கி கட்டித்தான் ஓட்டுவார் என்றால் இரண்டு அரை டிரவுசர் வாங்கிக் கொடுங்க, இந்த முதலீட்டில் நான் யோசிக்காமல் சரி என்று சொல்வது அது ஒன்றுதான். வண்டி ஓடும்போது கீழே இறங்கி பிளேடில் சுத்திய புல்லை இழுக்கும் பழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்க. பழைய வண்டியில் கவிழ்ந்தால் காக்கும் கம்பிச் சட்டம் கிடையாது, அதனால் கண்மாய்க் கரை ஏறும்போது கருவியைத் தாழ்த்தி வைத்து மெதுவாக.

மட்கார்டில் ஆள் உட்கார வைப்பது நம்ம ஊர் வழக்கம். டிராக்டரில் ஓட்டுநருக்கு மட்டும்தான் இருக்கை. கூட உட்கார்ந்தவருக்கு அடிபட்டால் பொதுவாக இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும், நஷ்டஈடு வண்டி சொந்தக்காரர் தலையில் விழும். அதாவது உங்க வீட்டு நிலத்தின் மேல்.

பேப்பர் வேலை, மானியம், வரி

ஆர்சி யார் பெயரில் இருக்குன்னு முதலில் பாருங்க. தாத்தா பெயரிலேயே நிற்கும் வண்டிகள் ஏராளம். 15 வருஷம் தாண்டிய பதிவைப் புதுப்பிக்கணும், அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை. பழைய கடன் அடைந்தும் ஆர்சியில் வங்கி பெயர் நீக்காமல் இருந்தால் வங்கியில் என்ஓசி வாங்கி படிவம் 35 கொடுத்து நீக்கிடுங்க. இல்லன்னா நாளைக்கு விற்கவும் முடியாது.

புதுக் கருவிக்கு மானியம் உண்டு. மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில், சிறு குறு விவசாயி, பட்டியலினத்தவர், பெண்களுக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம், உச்ச வரம்புக்கு உட்பட்டு. பட்டா அப்பா பெயரில் இருந்தால் விண்ணப்பமும் அவர் பெயரில்தான். தாசில்தாரிடம் சிறு குறு விவசாயி சான்றிதழ் வாங்கணும். வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில், அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அறந்தாங்கி, கேளுங்க. கருவியை வாங்கிட்டு பில்லை எடுத்துக்கிட்டு மானியம் கேட்டுப் போனால் கிடைக்காது. முதலில் விண்ணப்பம், அனுமதி, அப்புறம்தான் வாங்குவது. 90,000 ரோட்டவேட்டருக்கு ஒரு 35,000 கிடைத்தால் மேலே சொன்ன 139 மணி நேரம் சுமார் 123 ஆகக் குறையும். அதே துறை உழவன் செயலி மூலம் தன் டிராக்டர்களை தனியாரைவிடக் குறைந்த வாடகைக்கு விடுது. அவங்க உங்க போட்டியாளர். நாலு ஏக்கர் மட்டும் உழுவதுதான் நோக்கம் என்றால் நீங்களே அவங்க வாடிக்கையாளராக ஆகிடுறது இன்னும் மலிவு.

வரி விஷயம் நிறைய பேருக்குத் தெரியலை. நிலத்திலிருந்து வரும் விளைச்சல் வருமானத்துக்குத்தான் விவசாய வருமான விலக்கு. அடுத்தவர் நிலத்தில் உழவு ஓட்டி வாங்கும் வாடகை விவசாய வருமானம் கிடையாது, அது தொழில் வருமானம். அப்பா பெயரில் வண்டி, அப்பா கையில் பணம் என்றால் அது அவர் வருமானம், பெரும்பாலும் வரி வரம்புக்குக் கீழே இருக்கும். ஆனால் வண்டியை உங்க பெயருக்கு மாத்தி, வாடகை ஜிபேயில் உங்க அக்கவுண்டுக்கு வந்தால், வழக்கமா போடும் ஐடிஆர்-1 உங்களுக்குப் பொருந்தாது. தொழில் வருமானம் காட்டும் படிவத்துக்கு மாறணும். அதனால் வண்டியும் பணமும் அப்பா பெயரிலேயே இருக்கட்டும். மணிக்கணக்கும் டீசல் பில்லும் எழுத ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி டூல் பாக்ஸில் போட்டுட்டு வாங்க. முதல் சீசன் முடிந்து தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அந்த நோட்டில் 139-க்கு மேல் இருக்கா என்று கூட்டிப் பார்த்துட்டு, ஸ்லாஷருக்கான 65,000-ஐப் பற்றி அப்போ பேசிக்கலாம்.